யாரைக் கூப்பிடுகிறது பூனை?

இரவு இரண்டே முக்கால் மணி. ஹாலின் நடுவில் நின்றுகொண்டு எங்கள் வீட்டுச் சின்னி கத்த ஆரம்பித்தாள். ‘மியாவ்’ என்று எழுதிவிடக்கூடிய குரல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, நீண்டு, கடைசியில் கேள்வி கேட்பதுபோல மேலே தூக்கி முடியும். பதின்மூன்று வருடமாக வீட்டில் இருப்பவள். பசித்தால் சமையலறை வாசலில் வந்து ஒரு தடவை முனகிவிட்டு உட்காருவாளே தவிர, ஊரைக் கூட்டியது கிடையாது. அந்த மாதம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. மூன்றாம் நாள் அதட்டினேன். ஐந்தாம் நாள் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். பத்தாம் நாள் கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் நிறுத்தி, “ராத்திரியில பூனை அழுதா வீட்டுக்கு ஆகாதும்மா, பார்த்துக்கோங்க” என்றார்.

பார்த்துக்கோங்க. நாங்கள் செய்யத் தவறியது அதைத்தான். பத்து நாளாக அவள் கத்துவதைக் கேட்டோம், அவளைப் பார்க்கவில்லை. சின்னிக்கு என்ன ஆகியிருந்தது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். பூனை ஏன் கத்துகிறது, அதிலும் மனிதரைப் பார்த்து ஏன் கத்துகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அந்தக் கதை புரியும்.

நமக்கென்று ஒரு குரல்

தெருவில் நான்கு பூனைகள் ஒன்றாக வளைய வருவதைக் கவனித்திருப்பீர்கள். மூக்கோடு மூக்கு வைத்துக்கொள்ளும், வாலைத் தூக்கிக்கொண்டு உரசும், சண்டை வந்தால் சீறும், உறுமும். ஆனால் ஒரு வளர்ந்த பூனை இன்னொரு வளர்ந்த பூனையைப் பார்த்து ‘மியாவ்’ என்பது மிக அபூர்வம். அது குட்டிகளின் சொல். குளிர்ந்தாலும் பசித்தாலும் தாயைக் காணாவிட்டாலும் குட்டி அந்தக் குரலில் கூப்பிடும், தாய் ஓடி வரும். வளர்ந்து தனியே வேட்டையாடத் தொடங்கியதும் அதற்கு அந்தச் சொல் தேவையில்லாமல் போய்விடுகிறது. வீட்டுப் பூனைக்கு மட்டும் தேவை தீர்வதே இல்லை. தட்டு வைப்பதும் கதவு திறப்பதும் நாம். அதனால் கிழடு தட்டிய பிறகும் நம்மிடம் அது குட்டியாகவே பேசுகிறது.

இந்தக் குரல்களைக் காதால் கேட்டுக் கேட்டு முதலில் வகைப்படுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மில்ட்ரெட் மோல்க். 1944-ல் வெளியான ஆய்வில், வாயை மூடியபடி எழுப்புவது, திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டே எழுப்புவது, வாயை இறுக்கமாகத் திறந்தபடி எழுப்புவது என்று மூன்று குடும்பங்களாகப் பிரித்து, 16 ஒலிகளை அடையாளம் கண்டார். நம் வீட்டுப் பூனையை ஒரு நாள் முழுக்கக் கவனித்தால் இந்த மூன்றும் நமக்கே பிடிபடும். மடியில் ஏறும்போது ‘ப்ர்ர்’ என்பது முதல் வகை. தட்டைப் பார்த்துக் கூப்பிடுவது இரண்டாவது. பக்கத்துத் தெருக் கடுவனோடு மதில்மேல் நின்று மல்லுக்கட்டும்போது வருவது மூன்றாவது.

பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையும் கத்தத்தான் செய்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் நிகாஸ்ட்ரோ, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா விலங்கியல் பூங்காவில் இருந்த காட்டுப் பூனைகளின் குரலையும் வீட்டுப் பூனைகளின் குரலையும் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார். 2004-ல் வெளிவந்த அந்த ஆய்வில், வீட்டுப் பூனையின் குரலே கேட்க இனிமையாக இருக்கிறது என்றார்கள் கேட்டவர்கள். அது குறுகியது, சுருதி கூடியது. பல ஆயிரம் வருடம் மனிதர் காலடியில் வாழ்ந்ததில், நம் காதுக்கு எது இதமோ அதன் பக்கமாகப் பூனையின் தொண்டையே நகர்ந்திருக்கிறது.

இன்னொன்று அதைவிட நுட்பமானது. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் 2009-ல் கண்டுபிடித்தது. சாப்பாடு கேட்கும்போது சில பூனைகள் எழுப்பும் ‘கர்ர்’ ஒலிக்குள், பச்சைக் குழந்தையின் அழுகையை ஒத்த ஒரு மெல்லிய கூர்மையான குரல் ஒளிந்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்கள்கூட அந்த ஒலியைக் கேட்டதும் ‘இதில் ஏதோ அவசரம் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் புரண்டு படுத்தாலும் மனசு கேட்காமல் எழுந்து போகிறோமே, அதற்குக் காரணம் நம் பலவீனம் அல்ல. குழந்தை அழுதால் எழுந்திருக்கும்படி செய்யப்பட்ட உடம்பு நம்முடையது. பூனை தட்டுவது அந்தக் கதவை.

ஆகவே கத்துகிற பூனை பேயையும் கூப்பிடவில்லை, சகுனமும் சொல்லவில்லை. நம்மைத்தான் கூப்பிடுகிறது. எதற்கு என்பதுதான் கேள்வி.

ஆறு மாதக் குட்டியின் அழுகை

கால்நடை மருத்துவரிடம் பதறிக்கொண்டு தூக்கி வரப்படும் பெட்டைப் பூனைகளில் சில, ஒரு நோயும் இல்லாதவை. வீட்டுக்காரர்கள் சொல்வது ஒரே மாதிரி இருக்கும். தரையில் உருள்கிறது, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்னங்காலை மடக்கிப் படுக்கிறது, பின்னங்காலால் தரையை மிதிக்கிறது, முதுகைத் தொட்டால் வாலை ஒரு பக்கம் ஒதுக்குகிறது, விடிய விடிய ஓலமிடுகிறது. வயிற்றுவலி என்று நினைத்துவிடுகிறோம். பூனை பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நாலைந்து மாதத்திலேயேகூட இது தொடங்கலாம்.

பூனையின் உடம்பில் ஒரு விசேஷம் உண்டு. கடுவனோடு சேர்ந்த பிறகுதான் பொதுவாக அதற்குக் கருமுட்டை வெளிப்படும். சேராவிட்டால் சுமார் ஒரு வாரம் கத்திவிட்டு ஓய்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் இந்தச் சுழற்சி நின்றுவிடும். நம் ஊரில் பகலின் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. அதனால் இங்கே பூனைக்கு விடுமுறை கிடையாது. நமக்கும்தான். பெட்டையின் கத்தலைக் கேட்டுத் தெருக் கடுவன்கள் மதில்மேல் கூடி, ஒன்றையொன்று எதிர்த்து ஓலமிடும். நள்ளிரவில் கைக்குழந்தை அழுவதுபோலக் கேட்டு, பெரியவர்கள் அபசகுனம் என்று தண்ணீரை விசிறுவது இந்தக் குரலுக்குத்தான்.

இதற்கு வழி ஒன்றே ஒன்று: கருத்தடை அறுவை சிகிச்சை. ‘ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் செய்துவிட்டால் பிற்காலத்தில் மார்புக் கட்டி வரும் ஆபத்து சுமார் 90 சதவீதம் குறைகிறது. ஊசியோ மாத்திரையோ வாங்கிப் போட்டுப் பருவத்தை அடக்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஹார்மோன் மருந்துகள் கருப்பையில் சீழ் பிடிக்கவும் மார்பில் கட்டி வரவும் வழி செய்பவை. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

‘குட்டி போட்ட பூனை மாதிரி’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஈன்ற பூனை குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றி மாற்றி அலைவதைப் பார்த்து நம்மவர்கள் பிடித்த சொல் அது. குட்டிகளைக் கண் திறப்பதற்குள் எடுத்துப்போய் எங்கோ விட்டுவிட்ட வீட்டில் அந்தத் தாய் நாள்கணக்கில் மூலை மூலையாகத் தேடிக் கத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கத்தலுக்கு மருந்து கிடையாது. எட்டு வாரமாவது குட்டிகளைத் தாயோடு விட வேண்டும். அதற்கு முன்பே பிரிக்கப்பட்டு நம் வீட்டுக்கு வரும் குட்டிதான் முதல் சில இரவுகள் ஓயாமல் அழுகிறது. வெதுவெதுப்பான துணியும் ஒரு சிறிய பெட்டியும் பக்கத்தில் ஆள் படுத்திருப்பதும் அதை அடக்கும்.

காத்திருக்கக் கூடாத கத்தல்

ஆண் பூனை மணல் தட்டில் போய் உட்காருகிறது, முக்குகிறது, கத்துகிறது, எழுந்து வருகிறது, மறுபடி போகிறது, அடியில் நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். மணல் போன்ற படிகமோ சளி போன்ற அடைப்போ போதும். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். காலையில் பார்க்கலாம் என்று படுத்தவர்கள் காலையில் பூனையை இழந்திருக்கிறார்கள். தட்டில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

வலி என்று நினைத்துக்கொண்டு நாம் போடும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

சின்னியின் கண்கள்

பன்னிரண்டாம் நாள் சின்னியை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மேஜைமேல் வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். “வயசாயிடுச்சு, அப்படித்தான் கத்தும், கண்டுக்காதீங்க” என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் நம்பினோம். வயசு என்பது சௌகரியமான பதில். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கண்டுபிடித்தது அம்மாதான். அன்று இரவு மின்சாரம் போயிருந்தது. கத்துகிற சின்னியைத் தேடிக்கொண்டு டார்ச் விளக்கோடு போனாள். வழக்கமாக வெளிச்சம் பட்டால் பூனையின் கண்மணி நெல்மணிபோல ஒடுங்கும். சின்னியின் கண்ணில் நேராக அடித்தும் அது ஒடுங்கவில்லை. இரண்டு கண்ணும் கறுப்பு நாவற்பழமாக விரிந்தபடியே இருந்தன. “இவளுக்குக் கண்ணு தெரியலடி” என்றாள் அம்மா. இரண்டு நாற்காலியை இடம் மாற்றி வைத்துப் பார்த்தோம். சின்னி நேராக வந்து நாற்காலிக் காலில் முட்டி நின்றாள். நின்று, கத்தினாள்.

மறுநாள் வேறொரு மருத்துவர் பார்த்தார். குழந்தைக்குப் போடுவதுபோன்ற ஒரு சின்னப் பட்டையை முன்னங்காலில் சுற்றி ரத்த அழுத்தம் அளந்தார். பூனைக்கு 160-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். சின்னிக்கு அதற்கு மிக மேலே இருந்தது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தளர்ந்திருப்பது தெரிந்தது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு சர்வசாதாரணம். அதோடு ரத்த அழுத்தம் ஏறும்போது கண்ணின் பின்புறத்தில் இருக்கும் விழித்திரை ரத்தம் கசிந்து கழன்றுவிடுகிறது. பதின்மூன்று வருடம் நடந்து பழகிய வீடு ஒரு நாள் இருட்டில் காணாமல் போய்விட்டது அவளுக்கு. எல்லோரும் தூங்கி, சத்தமும் அடங்கிய பிறகு, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஹாலின் நடுவில் நின்று எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அவளைப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

கொடுத்த மருந்து அம்லோடிபைன். அம்மா தன் ரத்த அழுத்தத்துக்குத் தினமும் போடுகிற அதே மருந்து, பூனைக்கேற்ற சிறு துணுக்காக. அந்தத் துணுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், யாரும் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. சீக்கிரம் தொடங்கினால் சில பூனைகளுக்குப் பார்வை கொஞ்சம் திரும்பும். எங்களுக்கு அந்த நாட்கள் கைவிட்டுப் போயிருந்தன.

வயதான பூனை திடீரென்று கத்த ஆரம்பித்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், ஒரு இடத்தில் நில்லாமல் அலைந்து கத்துகிற பூனைக்குத் தைராய்டு மிகையாகச் சுரக்கலாம். 1979-லேயே அடையாளம் காணப்பட்ட நோய் இது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. இதெல்லாம் இல்லை என்றான பிறகுதான் மூளைத் தளர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். நம் தாத்தா பாட்டிக்கு வரும் மறதிநோய் போன்றது பூனைக்கும் வருகிறது. 11 முதல் 14 வயதுள்ள பூனைகளில் சுமார் 28 சதவீதத்துக்கும், 15 வயதைத் தாண்டியவற்றில் பாதிக்கும் அதன் அறிகுறி ஏதாவது ஒன்று காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அர்த்தமில்லாமல் அலைவதும் ராத்திரியில் ஓலமிடுவதும் அவற்றில் முக்கியமானவை.

காது கேட்காத பூனையும் உரக்கக் கத்தும். தன் குரலே தனக்குக் கேட்பதில்லை அல்லவா? இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் பெரும்பாலானவை பிறவிச் செவிடு. சார்ல்ஸ் டார்வின் 1859-லேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது என்று அப்படி ஒரு குட்டியை வாங்கியவர்கள் அதட்டிப் பயனில்லை. விளக்கைப் போட்டு அணைத்தும், தரையைக் காலால் லேசாகத் தட்டியும்தான் அதோடு பேச வேண்டும்.

நாம் சொல்லிக்கொடுத்த கத்தல்

உடம்பில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் பூனை விடிகாலை நாலரைக்குக் கத்துகிறது. இப்போது நம் பக்கம் திரும்ப வேண்டும்.

எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898-ல் பசித்த பூனைகளை மரப்பெட்டிக்குள் விட்டு, வெளியே உணவை வைத்தார். முதல் தடவை பூனை பிறாண்டும், முட்டும், தற்செயலாகக் கயிற்றை இழுக்கும், கதவு திறக்கும். திரும்பத் திரும்பச் செய்தபோது வேண்டாத அசைவுகள் உதிர்ந்து, கதவைத் திறந்த அந்த ஒரு அசைவு மட்டும் மிஞ்சியது. பலன் தந்த செயல் நிலைக்கும் என்ற உளவியல் விதி பூனைகளிடமிருந்து கிடைத்தது இப்படித்தான்.

நம் படுக்கையறையை அந்தப் பெட்டியாக நினைத்துப் பாருங்கள். பூனைக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பான வேளை. நாலரைக்கு விழிக்கிறது. சும்மா நடக்கிறது, திரைச்சீலையைப் பிறாண்டுகிறது, பிறகு கத்துகிறது. தூக்கம் கெடுகிறதே என்று எழுந்து ஒரு கை தீனியைக் கொட்டிவிட்டு வந்து படுக்கிறோம். கயிறு எது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் எழுந்திருக்கிறோம், மூன்று நாள் காதைப் பொத்திக்கொள்கிறோம், நாலாம் நாள் பொறுக்காமல் எழுந்துவிடுகிறோம். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். ‘போன தடவை நாற்பது தடவை கத்தியதும் வந்தார்கள், இன்றும் கத்திப் பார்ப்போம்’ என்று விடாப்பிடியைச் சொல்லிக்கொடுக்கிறோம். எழுந்து போய்த் திட்டுவதும் பலன்தான். தனியாக இருக்கிற பூனைக்கு, வசவோடு வந்தாலும் ஆள் வந்ததுதானே!

மாற்றுவது மாலையில் தொடங்குகிறது. ராத்திரி படுக்கப்போகும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு கயிற்றின் நுனியில் துணியைக் கட்டித் தரையோடு இழுத்து ஓடுங்கள். எலி ஓடுவதுபோல ஒளித்து, நிறுத்தி, திடீரென்று இழுக்க வேண்டும். கடைசியில் பிடிக்க விட வேண்டும். பிடித்ததும் அன்றைய பெரிய சாப்பாடு. வேட்டை, இரை, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், உறக்கம் என்பது பூனைக்கு உடம்போடு பிறந்த வரிசை. அதை நம் கடிகாரத்துக்கு நகர்த்துகிறோம், அவ்வளவே. பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் தூங்கிக் கழித்த பூனைதான் இரவில் நம்மைத் தேடும். காகமும் அணிலும் தெரிகிற ஜன்னலில் ஒரு பலகை போட்டுக்கொடுத்தால் அதன் பகலுக்கு ஒரு வேலை கிடைக்கும்.

காலைச் சாப்பாட்டை நாம் எழுவதிலிருந்து பிரித்துவிடுங்கள். கண் விழித்ததும் தட்டை எடுக்காமல், பல் தேய்த்து, காபி குடித்து, அது அமைதியாக இருக்கும் ஒரு நிமிடம் பார்த்து வையுங்கள். குறித்த நேரத்தில் தானே திறக்கும் தீனிப்பெட்டி இப்போது கிடைக்கிறது. வசதி இருந்தால் வாங்கலாம். பூனை பெட்டியின் முன்னால் போய் உட்காரும், நம் முகத்தின் முன்னால் அல்ல.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கத்தலுக்கு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்த முதல் சில நாள், கத்தல் குறையாது, கூடும். அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரிவது போன்றது அது. பலரும் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று கைவிடுவது சரியாக அந்த நாட்களில்தான். வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். தாத்தா மட்டும் ரகசியமாக எழுந்து ஒரு நெத்திலி போட்டால் மொத்தமும் வீண். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்பே போய், பூனையைப் பழக்குகிறோம், சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. சொல்லிவிட்டுச் செய்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர் பீய்ச்சுவது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, குளியலறையில் பூட்டுவது எதுவும் வேண்டாம். பயந்த பூனை இன்னும் கத்தும். இல்லையென்றால் நோய் வந்தாலும் வாய் திறக்காமல் ஒளிந்துகொள்ளும். கோணிப்பையில் கட்டிக்கொண்டுபோய் மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவதை ஒரு தீர்வாக இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறேன். பட்டினியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது இந்த நாட்டில் குற்றம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960-ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது.

சின்னிக்குப் பார்வை திரும்பவில்லை. நாற்காலி, மணல் தட்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் ஒரு வருடமாக அதே இடத்தில் இருக்கின்றன, அங்குலம் நகர்த்துவதில்லை. அம்மாவின் பழைய புடவை ஒன்று அவள் படுக்கையில் விரித்திருக்கிறது. இப்போதும் வாரத்தில் ஒரு நாள் நடுராத்திரியில் கூப்பிடுகிறாள். படுத்தபடியே “சின்னி, இங்கதான் இருக்கோம்” என்று குரல் கொடுக்கிறேன். குரல் வந்த திசையில் மெல்ல நடந்து வந்து கட்டிலோரம் படுத்துக்கொள்கிறாள்.

அமைதியான உங்கள் பூனை இந்த வாரம் புதிதாகக் கத்த ஆரம்பித்திருந்தால், அதட்டுவதற்கு முன் விளக்கைப் போட்டு அதன் கண்ணைப் பாருங்கள். தட்டில் சிறுநீர் இருக்கிறதா பாருங்கள். எடை போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பன்னிரண்டு நாள் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.